உப்புத்தண்ணீரில் குத்திய முள்

பழவேற்காடு ஏரியில் பிழைப்பு என்பது கையையும் காலையும் தண்ணீருக்குள் விட்டே நடக்கிற பிழைப்பு. சுத்து வலைக்குக் கழி ஊன்றுகிறவர் மார்பளவு நீரில் நின்றாக வேண்டும். இருளர் பெண்கள் பறியோடு இறங்கி, கலங்கல் நீரில் சேற்றைத் தடவித் தடவி வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். வலையைப் பிரிக்கும்போது நண்டு கடிக்கும், கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறும், இறாலின் கொம்பு விரல் நுனியைக் கீறும், காலடியில் ஆளி ஓடு கிழிக்கும். இதையெல்லாம் யாரும் காயம் என்று கணக்கில் வைப்பதில்லை. கெளுத்தியோ திருக்கையோ குத்தினால் மட்டும் கடுப்பு தாங்காது. பொறுக்கிற சூட்டில், 45 டிகிரி செல்சியஸ் அளவு வெந்நீரில், கையை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும் என்பதை மருத்துவ நூல்களும் ஒப்புக்கொள்கின்றன. காயத்தைக் கழுவி, ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் தொழிலுக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் ஆறியும் விடும்.

ஆறாத சிலவற்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காயத்துக்குள் இரண்டு திசையிலிருந்து கிருமிகள் வரலாம். ஒன்று, நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஊரில் எங்கே அடிபட்டாலும் சீழ் பிடிக்க வைப்பவை பெரும்பாலும் இவைதான். மற்றொன்று, தண்ணீரிலிருந்து வருபவை. அவற்றில் மிக மோசமானது விப்ரியோ வல்னிஃபிகஸ். காலராக் கிருமிக்குப் பங்காளி. இருபது டிகிரிக்கு மேற்பட்ட வெதுவெதுப்பும், கடலைவிட உப்புக் குறைந்த நீரும் இதற்குப் பிடித்தமான சூழல். பழவேற்காட்டு நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. கோடையில் முகத்துவாரம் மணலேறி அடைபட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினால் உப்பு இறங்கிவிடும். மழைக்குப் பிந்தைய மாதங்களின் உப்பளவு இந்தக் கிருமிக்கு ஒத்துப்போகிற அளவு. கொச்சி, மங்களூர்க் கரைகளில் மீனிலும் ஆளியிலும் இதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆகவே எங்கோ அமெரிக்க வளைகுடாவில் இருக்கிற கிருமி என்று ஒதுக்கிவிட முடியாது.

இது தாக்கினால் நடப்பதெல்லாம் வேகம். காலையில் குத்திய இடம் இரவுக்குள் வீங்கும். காயத்தின் அளவுக்கும் வலிக்கும் பொருத்தமே இருக்காது. மறுநாள் கருநீலக் கொப்புளங்கள், குளிர்க்காய்ச்சல், இறங்கிப் போகும் ரத்த அழுத்தம். நல்ல உடம்புக்காரர் பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். ஈரல் கெட்டவர்கள், குறிப்பாகக் குடியால் கெட்டவர்கள், நாட்பட்ட சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஆகியோரிடம்தான் இது கோரமாக விளையாடுகிறது. ரத்தத்தில் கலந்துவிட்டால் இவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றுவதே கடினம். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், முள் ஏறியதே சில நேரம் தெரியாது. 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்ப்பது இந்தக் கோணத்திலும் பயனுள்ளது: ஏரியில் இறங்கும் எந்தக் காலுக்குக் கூடுதல் ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நிலையில்தான் ‘நரம்பு ஊசி’, அதாவது ரத்தக் குழாயில் நேரடியாக ஏற்றும் ஊசி, தேவைப்படுகிறது. மாத்திரை குடலில் கரைந்து, உறிஞ்சப்பட்டு, ஈரலைக் கடந்து ரத்தத்துக்கு வர நேரம் பிடிக்கும். ரத்த அழுத்தம் இறங்கிய உடம்பு குடலுக்குப் போகும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். வாந்தியும் சேர்ந்தால் மாத்திரை போன இடம் தெரியாது. நரம்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் மருந்தின் அளவு உச்சிக்குப் போய்விடும். அதிர்ச்சி நிலையில் இருக்கும் நோயாளிக்கு முதல் மணி நேரத்துக்குள் நோய்க்கிருமிக் கொல்லி ஏறியாக வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. குப்பத்திலிருந்து படகு, பிறகு சாலை, பிறகு பொன்னேரி அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் அங்கிருந்து சென்னை ஸ்டான்லி மருத்துவமனை. அந்த ஒரு மணி நேரம் வழியிலேயே கரைந்துவிடும். அதனால் மேல் சிகிச்சைக்கு அனுப்புவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி ஏறிவிட வேண்டும். ரத்தக் கல்ச்சர் எடுக்க முடிந்தால் ஊசிக்கு முன் எடுத்துவிடுவது நல்லது. எடுக்க வழியில்லை என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து ரத்தத்தின் வழியே போகிறது என்பதில் ஒரு குறையும் அடங்கியிருக்கிறது. ரத்தம் ஓடாத இடத்துக்கு அது போகாது. சீழ்க்கட்டிக்குள்ளும் செத்துப்போன தசைக்குள்ளும் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் மருந்து நுழையாது. அங்கே கத்திதான் மருந்து. “ஊசி போட்டுப் பார்க்கலாம், அறுவை வேண்டாம்” என்று சொந்தக்காரர்கள் கேட்டு ஒரு நாளைக் கடத்தும்போது, சில நோயாளிகளுக்குக் கையோ உயிரோ போகிறது. 

இனி நேரக் கணக்குக்கு வருவோம். இந்த மருந்துகளின் பாதுகாப்பும் பயனும் பெரும்பகுதி அதில்தான் இருக்கின்றன. 1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்ஃபர்டின் ராட்க்ளிஃப் மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பென்சிலின் நரம்பில் ஏற்றப்பட்டது. முகத்தில் தொடங்கிய கிருமித்தொற்று தலைமுழுக்கப் பரவி, ஒரு கண்ணையும் வாங்கியிருந்தது. ஒரே நாளில் காய்ச்சல் இறங்கியது, பசித்தது. ஆனால் ஏற்றிய பென்சிலினில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் உடனுக்குடன் வெளியேற்றிக்கொண்டிருந்தது. பென்சிலினை ஆராய்ந்துவந்த ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு அந்தச் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தை மீட்டு மறுபடியும் ஏற்றியது. சில நாளில் அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது, மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

பென்சிலினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் அரை மணி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டம் இறங்காமல் வைத்திருப்பது போன்ற வேலை இது. பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்தைப் பொறுத்தவரை, உச்சி எவ்வளவு உயரம் என்பதைவிட, கிருமியைக் கொல்லத் தேவையான மட்டத்துக்கு மேலே மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே முக்கியம். அதனால்தான் நாலு மணிக்கொருமுறை, ஆறு மணிக்கொருமுறை, எட்டு மணிக்கொருமுறை என்று எழுதுகிறார்கள். இரவு இரண்டு மணி ஊசியைத் தூக்கத்துக்காகத் தவறவிட்டால் கிருமிக்கு அந்த இடைவெளி போதும். ஜென்டமைசின் வகை இதற்கு நேர்மாறு: உச்சிதான் கொல்லும், நாளுக்கு ஒரே ஊசி போதும், மட்டம் இறங்காமல் நின்றால் சிறுநீரகத்தையும் உட்காதையும் கெடுக்கும். காதில் போன செவி நுண்மயிர்கள் திரும்ப முளைப்பதில்லை.

இந்தக் கணக்கில்தான் செஃபலோஸ்போரின் குடும்பத்தைச் சேர்ந்த செஃப்ட்ரியாக்சோன் என்ற மருந்து இந்தியச் சிற்றூர்களின் ராஜாவானது. சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரத்தப் புரதத்தில் இறுக ஒட்டிக்கொள்வதால் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய எட்டு மணி நேரம். நாளுக்கு ஒரு ஊசி போதும். பாதி சிறுநீரில், மீதி பித்தத்தில் வெளியேறுவதால் சிறுநீரகம் சற்றுப் பழுதானவருக்கும் பெரும்பாலும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை. விலையும் மலிவு. படகேறி வந்து, காலையில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, படகேறித் திரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை. எந்தக் காய்ச்சலுக்கும் இதையே போட்டுவிடும் பழக்கமும் அதே காரணத்தால்தான் வந்தது. இந்த மருந்தின் வெற்றியே அதற்கு வினையாயிற்று என்பேன்.

பழகிய மருந்து என்பதால் இதில் சிலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். முதல் விஷயம், கால்சியம். ‘ஆர்.எல்.’ என்று ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது; செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் சேர்ந்தால் திரிந்து படிவாகும். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைகளில் அந்தப் படிவு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் சிக்கி இறப்புகள் நேர்ந்த பிறகு, 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. கால்சியம் ஏறும் பச்சிளம் குழந்தைக்கு இந்த மருந்தே கூடாது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளம் குழந்தைக்கும் ஆகாது. பெரியவர்களுக்கு ஆர்.எல். ஓடும் அதே குழாயில் ஒன்றாக ஏற்றக் கூடாது. குழாயைச் சலைன் விட்டுக் கழுவிய பின்பே அடுத்தது. சலைனில் கலந்து அரை மணி நேரமாவது ஏற்றுவது நல்ல வழக்கம்.

இரண்டாவது, லிக்னோகெயின். இதே மருந்தைச் சதையில் போட்டால் கடுமையாக வலிக்கும் என்பதால், மரத்துப்போக லிக்னோகெயினில் கரைத்துப் போடுவதுண்டு. அப்படிக் கரைத்ததை நரம்பில் ஏற்றவே கூடாது. இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பு வரும். குப்பியின் மேல் எழுதியிருப்பதையும் ஆம்பூலின் மேல் எழுதியிருப்பதையும் இரண்டு பேர் வாய்விட்டுப் படிப்பது நேரவிரயமல்ல.

மூன்றாவது, ஒவ்வாமை. நம் ஊரில் ‘டெஸ்ட் டோஸ்’ என்று முன்கையில் தோலுக்கடியில் சிறிது போட்டு, தடிக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. செஃபலோஸ்போரின்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல; தடிக்காதவருக்கும் ஒவ்வாமை வரலாம், தடித்தவர் மருந்தைத் தாங்கிக்கொள்ளவும் கூடும். சோதனையைவிடக் கேள்வி பயன் தரும்: இதற்கு முன் எந்த ஊசிக்கு என்ன ஆனது? அரிப்பு மட்டுமா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா? பழைய சீட்டு இருக்கிறதா? பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவரில் பத்தில் ஒருவருக்கு செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்பது பழைய கணக்கு. உண்மை விகிதம் அதைவிட வெகு குறைவு என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பென்சிலினால் ஒருமுறை மூச்சடைத்து விழுந்தவரிடம் யாரும் துணிச்சல் காட்டக் கூடாது.

ஊசி ஏறிய சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், நாடி மெலிவு என்று வந்தால், உடனே நிறுத்திவிட்டு அட்ரினலின் போட வேண்டும். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறச் சதையில். பல இடங்களில் முதலில் கை போவது அவிலுக்கும் ஹைட்ரோகார்டிசோனுக்கும்தான். அவை துணை மருந்துகள்; உயிரைக் காப்பது அட்ரினலின். அட்ரினலின் ஆம்பூலை எடுத்து வைத்துக்கொள்ளாமல், முதல் ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனிக்காமல், எந்த இடத்திலும் நரம்பில் நோய்க்கிருமிக் கொல்லி ஏற்றக் கூடாது. வீட்டுத் திண்ணையில் தெரிந்தவர் ஒருவர் வந்து ‘ஏத்திவிட்டுப்’ போவதை நான் எதிர்ப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

மற்ற மருந்துகளின் கதையை விரிக்கத் தேவையில்லை. வான்கோமைசினை அவசரமாகத் தள்ளினால் முகமும் கழுத்தும் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும். ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். செஃபிபைமைச் சிறுநீரகம் பழுதானவருக்கு முழு அளவில் போட்டால் குழப்பமும் வலிப்பும் வரும். அதனால்தான் பெரிய மருத்துவமனையில் மருந்தைத் தொடங்கிய கையோடு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். மருந்து ஏற்றும் சிறுகுழாயான வென்ஃப்ளான் குத்திய இடத்தைத் தினமும் பார்ப்பதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை: சிவந்தோ, வலித்தோ, கயிறுபோல் தடித்தோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். உப்புநீர்க் கிருமியைக் கொல்லப் போட்ட ஊசியே ஆஸ்பத்திரிக் கிருமிக்கு வாசலாகிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உப்பங்கழியில் காயம்பட்டவருக்கு செஃப்ட்ரியாக்சோன் மட்டும் போதாது என்பதைச் சொல்லியாக வேண்டும். விப்ரியோ என்று சந்தேகம் வந்தால் செஃப்டாசிடிம் அல்லது செஃப்ட்ரியாக்சோனோடு டாக்சிசைக்ளினையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது நிலைபெற்ற பரிந்துரை. மீன் முள் குத்தி இந்நோய் கண்டவர்களை அதிகம் பார்த்த தைவான் மருத்துவர்களின் ஆய்வுகள் இந்தக் கூட்டு மருத்துவத்துக்கு வலுச் சேர்த்தன. செஃபலோஸ்போரின் கிருமியின் சுவரை உடைக்கிறது; டாக்சிசைக்ளின் அதன் புரத உற்பத்தியை முடக்குகிறது, தசையை அழிக்கும் நஞ்சுகளும் புரதங்கள்தான். ஊரில் எங்கோ ஆணி குத்தியவருக்கு இந்தக் கூட்டு தேவையில்லை. அவருக்கு வேறு மருந்து. ஆகவே சீட்டு எழுதுகிறவரிடம் “கால் வீங்கியிருக்கு டாக்டர்” என்று மட்டும் சொல்வதும், “நேற்றுக் காலை ஏரித் தண்ணியில் கெளுத்தி குத்துச்சு, எனக்குச் சர்க்கரை இருக்கு” என்று சொல்வதும் இரண்டு வேறு சிகிச்சைகளுக்கு இட்டுச் செல்லும்.

எல்லாவற்றுக்கும் செஃப்ட்ரியாக்சோன் என்ற பழக்கம் கொண்டுவிட்ட இடத்தையும் பார்த்துவிடலாம். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் இந்த மருந்தை வெட்டிப்போடும் நொதிகளைக் கற்றுக்கொண்டன. நம் பெரிய மருத்துவமனைகளில் எடுக்கும் ஈ.கோலைகளில் பெரும்பாலானவை இன்று அதற்கு மசிவதில்லை. மருத்துவர்கள் மெரோபெனெம் போன்ற அடுத்தபடி மருந்துகளுக்கு ஏறினார்கள். கிருமிகளும் ஏறின. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை, மெரோபெனெமையும் வெட்டும் என்.டி.எம்.-1 நொதியைக் கொண்ட கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 என்று எண்ணிக் காட்டியது. நொதிக்கு ‘நியூ டெல்லி’ என்று தலைநகரின் பெயரை வைத்ததைப் பற்றி நாடாளுமன்றம் வரை கோபப்பட்டார்கள். கிருமியைப் பற்றி அவ்வளவு கோபம் வந்ததாகத் தெரியவில்லை. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, கிருமிகளின் மருந்தெதிர்ப்பைத் தடுக்கச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டன. 2014 மார்ச் முதல் இவ்வகை மருந்துகள் எச்1 அட்டவணைக்குள் வந்தன; விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அதே சென்னையிலிருந்து மாற்றும் வந்தது. ஆர்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம், கிருமியின் வெட்டும் நொதிகளில் ஒரு பெரும் வகையைக் கட்டிப்போடுகிறது. செஃபிபைமோடு சேர்த்து இதைச் சிறுநீர்ப்பாதையின் சிக்கலான தொற்றுகளுக்குக் கொடுத்தபோது 79.1 சதவீதம் பேருக்குச் சிகிச்சை வெற்றி. ஒப்பிட்ட பழைய மருந்தில் 58.9 சதவீதம். 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. என்.டி.எம். நொதியை இது தடுக்காது. மெரோபெனெமைத் தொடவேண்டிய தேவையைக் குறைக்கும். எட்டு மணிக்கொருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். ஒரு நாளில் ஆறு மணி நேரம் சொட்டுக் கம்பத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டிய மருந்து. மருத்துவமனைப் படுக்கைக்குத்தான் பொருந்தும்.

படுக்கை என்றால் கூலி போகும் நாட்கள். “ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க சார்” என்று கேட்பவர் ஊசியின் மகிமையை நம்பி மட்டும் கேட்பதில்லை. காய்ச்சல் விட்டு, ரத்த அழுத்தம் நிமிர்ந்து, வாயால் சாப்பிட ஆரம்பித்தவரை இரண்டு மூன்று நாளிலேயே மாத்திரைக்கு மாற்றிவிடலாமா என்று தினமும் கேட்டுப் பார்ப்பது இப்போது நல்ல மருத்துவத்தின் பகுதி. டாக்சிசைக்ளின், லினசோலிட், லீவோஃப்ளாக்சசின் ஆகியவை விழுங்கினாலும் கிட்டத்தட்ட முழுதாக ரத்தத்துக்கு வந்துவிடும். எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு ஆறு வாரம் நரம்பு ஊசிதான் என்றிருந்த பழைய நம்பிக்கையை, பிரிட்டனில் 1,054 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஆட்டிவிட்டது. மாத்திரைக்காரர்கள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை. மாத்திரைக்கும் தன் விதிகள் உண்டு. டாக்சிசைக்ளினைப் பாலோடு விழுங்கக் கூடாது, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கிய உடனே படுக்கக் கூடாது, கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பார்கள். வெயிலில் தோல் எரியும் என்பதைப் படகில் நாள் முழுக்க நிற்கிறவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

காயம் மூடும் வரை ஏரியில் இறங்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்வது சுலபம். பழவேற்காட்டில் பாடு முறைப்படி வலையிடும் இடமும் நாளும் முறை வைத்து வருகின்றன; தன் முறை வரும் நாளை விட்டுவிட யாருக்கும் மனம் வராது. கட்டுப் போட்ட காலோடு இறங்கிவிடுவார்கள். மருந்துச் சீட்டில் எத்தனை நாள், எத்தனை வேளை என்று எழுதுகிற மருத்துவர், பாடு என்றைக்கு என்பதையும் கேட்டுக்கொண்டு எழுதினால் மாத்திரையின் கடைசி நாளையும் மறுபார்வை நாளையும் அதற்கு ஏற்றபடி வைக்க முடியும்.